ஃபிரீசரில் இடம் விட்ட முதலாளிக்கும் மற்ற எல்லோருக்கும்

புயல் காற்று அடித்த அந்த இரவில் நடந்தது திருகோணமலையில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. உயர்தர உயிரியல் ஆசிரியர்களுக்கான மூலக்கூற்று உயிரியல் பயிற்சி நின்றுபோகாமல் நேற்று நல்லபடியாக முடிந்தது. சூடு ஆறுமுன் நன்றி சொல்லிவிடுகிறேன்.

மின்சாரம் போனதும் எங்கள் கவலையெல்லாம் ஒரு சின்னப் பெட்டியைப் பற்றித்தான். அதற்குள் டிஎன்ஏயை வெட்டும் நொதியங்கள். -20 பாகையில் இருக்க வேண்டியவை, சூடு பட்டால் வலுப்போய்விடும். மறுபடி வாங்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. யாரோ, "மீன் முதலாளியிட்டக் கேட்டுப் பாருங்கோ" என்றார்கள். முன்பின் பழக்கமில்லாத மனிதர். ஜெனரேட்டர் போட்டுத் தன் இறாலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். "பிள்ளைகளின்ட படிப்புக்குத்தானே" என்று ஃபிரீசரில் இருந்த இறாலில் கொஞ்சத்தை எடுத்து ஐஸில் போட்டுவிட்டு எங்களுக்கு இடம் விட்டார்.

நடுச்சாமத்தில் அவரிடமிருந்து அழைப்பு. "டீச்சர், குறை நினைக்காதேங்கோ. உங்கட மருந்து இன்னும் கட்டியாகேல்ல. இறால் எல்லாம் கல்லு மாதிரி இருக்குது. ஃபிரீசர் பிழையோ தெரியேல்ல."

நொதியத்தைப் பாதிக்குப் பாதி கிளிசரோல் கலந்துதான் அனுப்புவார்கள். அந்தக் குளிரிலும் அது உறையாது, உறையவும் கூடாது. விளக்கிச் சொன்னேன். "அப்ப சரி, இனி நித்திரை கொள்ளலாம்" என்றார். அதுவரை அவர் படுக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. காலையில் பெட்டியைக் கட்டித் தரும்போது ஐஸோடு உப்பையும் அள்ளிப் போட்டார், குளிர் இன்னும் இறங்குமாம். எங்கள் இரசாயனவியல் ஆசிரியர் சொல்ல வேண்டியதை அவர் சொன்னார்!

நொதியம் வேலை செய்தது. லம்டா என்ற வைரசின் டிஎன்ஏ 48,502 மூலச்சோடிகள், அதாவது ஏணிப்படிகள் போன்ற இணைகள், கொண்டது. அதை ஈகோ ஆர் ஒன் என்ற எங்கள் நொதியம் 5 இடங்களில் வெட்டும், 6 துண்டுகள் வரும். துண்டுகளை நீளப்படி பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லில் முதலில் 5 பட்டைகள்தான் தெரிந்தன. 5,804, 5,643 நீளமுள்ள இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. இத்தனை வருடமாகக் கரும்பலகையில் பட்டை கீறிப் படிப்பித்த ஆசிரியை ஒருவர், அந்த இரண்டையும் பிரித்துக் காணும்வரை ஜெல் பார்க்கும் விளக்கை விட்டு நகரவில்லை.

இரவு பஸ்ஸில் வந்து இறங்கி முகம் கழுவியதும் வகுப்பெடுத்த விரிவுரையாளர்கள், விழுந்த மரத்தை வெட்டி அகற்றிய அண்ணன்மார், மின்சார வேலையாட்கள், புட்டும் சம்பலும் அனுப்பிய பெற்றோர், மண்டபத் திறப்போடு காத்திருந்த காவலாளி ஐயா, எல்லோருக்கும் நன்றி. டிஎன்ஏயைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறைக்கு உதவும் டாக் நொதியம் 1969 இல் அறிவிக்கப்பட்ட ஒரு வெந்நீரூற்றுப் பக்டீரியாவிலிருந்து வந்தது என்றதும், "எங்கட கன்னியாவில இருக்காதோ?" என்று கேட்ட கிண்ணியா ஆசிரியருக்குத் தனி நன்றி. அந்தப் பக்டீரியாவுக்கு 70 பாகை அளவு சூடு பிடிக்கும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நாங்கள் அள்ளிக் குளிக்கிற நீர் அதற்குக் காணாது. ஆனால் வேறு என்ன இருக்கிறதோ, யார் கண்டது? மாணவர்களை விட்டுத் தேடலாம்.

இந்த ஜெல் பெட்டியை அலுமாரியில் பூட்டி வைக்க விடமாட்டேன். மூதூர், குச்சவெளி, வெருகல் என்று கொண்டுபோகத்தான் போகிறோம். முதலில் மூதூர். அங்கே ஜெனரேட்டர் பூட்டிய ஃபிரீசர் வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லியனுப்புங்கள். ஒரு சோற்றுப் பெட்டியளவு இடம் போதும்.