கோரமண்டலில் இறங்கிப் போனவனுக்கு

2026 பிப்ரவரி 28-ஓடு நம்ம கோலார் தங்கவயல் சுரங்கம் மூடி 25 வருஷம். ஆளாளுக்குச் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் போட்டோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறு விஷயம். அம்மா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு பெங்களூருக்கே கூட்டிப்போகிறோம். வேறு யார் வழியாகவும் உனக்கு இது தெரிய வேண்டாம் என்று தோன்றியது, ஏன் என்று கேட்காதே.

தங்கவயல் ஆட்கள் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். உன் வீட்டிலும் படிக்கலாம். அதனால் உன் பெயர் இதில் இல்லை, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் உட்கார்ந்து பேசியதும் வராது.

ஆனால் அந்த ராத்திரி ரயில். பங்காருப்பேட்டை தாண்டி கூட்டம் கொஞ்சம் கரைந்திருந்தது. கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நகத்தடியில் லேத் பட்டறை கிரீஸ், சட்டையில் எல்லாம் வெள்ளைப் பொத்தான், நான் தைத்துக் கொடுத்தது மட்டும் நீலம். "வீட்ல வந்து பேசட்டுமா" என்றாய். "தங்கச்சி படிப்பு முடியட்டும்" என்றேன். "அப்போ நான்?" என்றாய். நான் வெளியே பார்த்தேன். மாரிக்குப்பம் வரைக்கும் வரவேண்டியவன் அதற்கு முன்னாலேயே கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி இருட்டில் நடந்துவிட்டாய்.

பதில் சொல்லாததற்கு மன்னித்துவிடு. ஆனால் என்ன சொல்லியிருக்க முடியும்? பாறைத் தூசி நுரையீரலில் இறங்கி, படுக்க முடியாமல், அப்பா தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்கிய வாரம் அது, செட்டில்மெண்ட் பணம் கடனுக்கே போய்விட்டது, என் தையல் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது, இதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும், மூச்சு முட்டிய அன்று அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவனே நீதான். சாகும்வரை மறக்க மாட்டேன்.

தெரிந்தும் கேட்டாயே. வருஷம் திரும்புவதற்குள் கல்யாணப் பத்திரிகையை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாய். நான் வரும்வரை ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம். உன் வீட்டில் எப்படி நெருக்கினார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன், சரி, கல்யாணத்துக்குக் கோபமில்லை. அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான்.

தங்கச்சி இப்போது டீச்சர். நீ சொல்லிக்கொடுத்த மாதிரிதான் இன்னும் பசங்களுக்குப் பின்னக் கணக்கு போடுகிறாள்.

உன் அப்பா வீட்டுச் சாவி இத்தனை வருஷமாக அம்மாவிடமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன், அங்கே வாங்கிக்கொள். மழைக்கு முன்னால் தகரத்தை மாற்று, பின்பக்கம் முழுக்க ஓட்டை.