நினைவு இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும்

ஐயா,

பிள்ளைகள் வளைகுடாவில், வயதான அப்பா அம்மா ஊரில் என்பது குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு உள்ள நிலை. பக்கவாதம் வந்து நினைவில்லாமல் கிடந்த என் மாமாவின் கணக்கிலிருந்து சிகிச்சைக்குப் பணம் எடுக்க முடியவில்லை. அத்தை ஒரு கையில் பாஸ்புக்கும் மறுகையில் மருந்துச் சீட்டுமாக வங்கியில் நின்றார். ஓடி வந்த மகன் பவர் பத்திரத்தைக் காட்டினான். செல்லாது என்றார்கள். சட்டமும் அப்படித்தான்: 1872 ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் போய்விடும். அப்புறம் கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளராக நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான். மிகத் தேவையான நேரத்தில் கைவிடும் பத்திரத்தால் என்ன பயன்? இதை மத்திய அரசு திருத்த வேண்டும்.

அதுவரை, இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்கு ஓரளவு உதவும். பிழைக்க வழியில்லாத நிலையில் செயற்கை சுவாசம் வேண்டுமா என்பதையும், யார் முடிவெடுப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்தது. 2023 முதல் இரண்டு சாட்சிகளோடு நோட்டரி கையெழுத்தே போதும். இது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஊர் ஊராக முகாம் நடத்தி முதியவர்களுக்கு இதை விளக்க வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
தக்கலை