வௌவால் எலி இனமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் லிச்சித் தோட்டம் வைத்திருக்கும் அன்பர் ஒருவர், பழந்தின்னி வௌவால்களை "இறக்கை முளைத்த எலிகள், குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்" என்று எழுதியிருந்தார். பழுத்த கொத்துகளை ஒரே இரவில் இழப்பவரின் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். ஆனால் இந்த நம்பிக்கையை வைத்துத்தான் சுடச் சொல்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

எலி மூன்று வாரம் சுமந்து ஒரே ஈற்றில் எட்டு, பத்துக் குட்டி போடும். நம் மொரீஷியஸில் சோவ்சூரி என்று சொல்லும் இந்தப் பழந்தின்னி வௌவாலோ பல மாதம் சுமந்து ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும். பிறந்த குட்டி தாயின் மார்பைக் கவ்விக்கொண்டு, அது பறக்கும்போதும் கூடவே போகும். லிச்சி சிவக்கும் காலத்தில் பல தாய்களுக்குப் பால் வற்றியிருக்காது. தாயைச் சுட்டால் குட்டியும் பட்டினியில் சாகும்.

பக்கத்துத் தோட்டத்து வலையில் சிக்கிச் செத்த பெண் வௌவால் ஒன்றை அறுத்தெடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். இறக்கை என்கிறோமே, அது முழுக்கக் கைதான். தோள், முழங்கை, மணிக்கட்டு, ஐந்து விரல் எல்லாம் நமக்குள்ள அதே வரிசை. நான்கு விரல் எலும்புகள் மட்டும் குடைக்கம்பி போல நீண்டிருக்கின்றன. நடுவே மெல்லிய தோல், அதில் கிளை பிரியும் ரத்தக் குழாய்கள். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கூரிய நகம். அக்குளோரம் முலைக்காம்பு, அதைச் சுற்றி மயிர் தேய்ந்திருந்தது. பாலூட்டிக்கொண்டிருந்த தாய் அது.

எலி இங்கே கப்பலேறி வந்தது. மனிதர் வருமுன் இத்தீவின் நிலத்தில் வாழ்ந்த பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. நாட்டுக் காட்டு மரங்களின் விதைகளை எச்சத்தோடு தூரத்தில் போட்டு இன்றும் காட்டை வளர்ப்பவை அவை. பக்கத்துத் தீவான ரீயூனியனிலும் இங்கும் இருந்த சிறிய பழந்தின்னி இனம் 19ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துவிட்டது. மிஞ்சிய சோவ்சூரியை 2015, 2016 ஆண்டுகளில் அரசே ஆயிரக்கணக்கில் சுட்டது. 2018இல் அது அருகிவரும் இனங்களின் பட்டியலில் ஏறிவிட்டது.

வலைதான் வழி. ஆனால் தொளதொளவென்று தொங்கும் பெரிய கண்ணி வலையில் விரலும் நகமும் மாட்டி விலங்கு சாகிறது. வெளியிலிருந்தே பழத்தைக் கடிக்கவும் முடிகிறது. சிறு கண்ணி வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் இரண்டும் நடக்காது. அப்படிக் கட்டும் முறையைப் படத்தோடு அடுத்த பருவத்துக்கு முன் வெளியிடும்படி வேண்டுகிறேன். அந்த அன்பருக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
ரோஸ் ஹில்