வாசிகசாலைச் சங்கத்தின் 2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: காணொளியும் ஒலிப்பதிவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிருவாகசபை உறுப்பினர்களே, பெற்றோர்களே, மாணவர்களே,

சென்ற பொதுக்கூட்டத்தில் தங்களால் தெரிவுசெய்யப்பட்ட நிருவாகசபையின் சார்பில் இவ்வறிக்கையை வாசிக்கிறேன். வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிருவாகசபை மாதந்தோறும் கூடியது. நவம்பர்க் கூட்டம் மட்டும் வெள்ளத்தால் நடைபெறவில்லை. பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் தடையின்றி வருகின்றன. கூரை ஒழுக்கு இன்னும் நின்றபாடில்லை. வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எஞ்சிய நேரம் முழுவதையும் சென்ற ஆண்டு நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த வேலைக்கு, அதாவது இணையத்தில் கிடைக்கும் காணொளிகளையும் ஒலிப்பதிவுகளையும் நமது பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் வகையில் தேடித் தொகுத்துக் கொடுக்கும் வேலைக்கு ஒதுக்க அனுமதி வேண்டுகிறேன்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நேத்ரா தொலைக்காட்சியில் தமிழ்ப் பாடங்கள் ஒளிபரப்பாகின. ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுக்களில் குரல் பதிவுகளை அனுப்பினார்கள். 2022 இல் மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் வந்து பாடசாலை மறுபடி தடைப்பட்டபோது அதே குழுக்கள் உயிர்பெற்றன. அந்தப் பழக்கம் இன்றுவரை விடுபடவில்லை. பிள்ளைகள் பரீட்சைக்கு முன் கையில் எடுப்பது கையடக்கத் தொலைபேசியைத்தான் என்பது பெற்றோருக்குத் தெரியும். அவர்கள் அதில் எதைப் பார்க்கிறார்கள், பார்ப்பது நமது பாடத்திட்டத்துக்குப் பொருந்துகிறதா என்பதைத் தெரிந்துகொள்ளவே இந்த வேலை தொடங்கப்பட்டது.

ஆண்டின் முதல் மாதங்களில் நாங்கள் செய்தது பிழையான வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம், தேசிய கல்வி நிறுவகத்தின் காணொளிகள், கான் அகாடமி, தமிழ்நாட்டு ஆசிரியர்களின் யூடியூப் பாடங்கள் என்று கண்ணில் பட்ட இணைப்புகளையெல்லாம் பாடவாரியாக அடுக்கி ஒரு நீண்ட பட்டியல் தயாரித்துக் குழுக்களில் பகிர்ந்தோம். பட்டியல் பார்வைக்கு அழகாயிருந்தது. இரண்டு மாதங்களுக்குப் பின் பிள்ளைகளிடம் விசாரித்தபோது பெரும்பாலானோர் ஓர் இணைப்பைக்கூடத் திறந்திருக்கவில்லை. நாற்பது நிமிடக் காணொளியில் தனக்கு வேண்டிய நான்கு நிமிடம் எங்கே இருக்கிறதென்று தெரியாத பிள்ளை, டேட்டாவைச் செலவழித்து அதைத் தேடப்போவதில்லை. ஆகவே பட்டியலைக் கைவிட்டு, நிருவாகசபையிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவரும் உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலரும் சனிக்கிழமைகளில் கூடி, ஒவ்வொரு காணொளியையும் முழுமையாகப் பார்த்து, பாடநூலின் எந்த அலகுக்கு எத்தனையாவது நிமிடத்திலிருந்து பார்க்கவேண்டும் என்று ஒற்றை வரியில் குறித்து வைக்கத் தொடங்கினோம். பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைப்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாயிற்று.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமைதான் இந்த ஆண்டின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. தரம் 10 மாணவர் ஒருவர் நியூட்டனின் இரண்டாம் விதி பற்றிய தமிழ்நாட்டுக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு கணக்கைச் செய்து கொண்டுவந்தார். பொருளின் நிறை 5 என்றும் முடுக்கம் 2 என்றும் காணொளி சொல்கிறது. விசை 10 நியூட்டன் வரவேண்டும். அவருக்கு வந்தது 1 நியூட்டன். கொப்பியை வாங்கிப் பார்த்த டீச்சருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அந்த மாணவரே சொன்னார்: “டீச்சர், நிறை எண்டு சொல்லிப்போட்டு கிலோகிராம் போடுறாங்க. நிறைக்கு நியூட்டன்தானே? அதால பத்தால பிரிச்சுத் திணிவு எடுத்தன்.” அவர் செய்தது நமது பாடநூலின்படி முற்றிலும் சரி: ஒரு கிலோகிராம் திணிவைப் புவி ஏறத்தாழ 10 நியூட்டன் விசையால் இழுப்பதால், 5 நியூட்டன் நிறைக்குத் திணிவு 0.5 கிலோகிராம்; அதை 2 ஆல் பெருக்கினால் 1 நியூட்டன். இலங்கையில் நிறை என்பது புவி ஒரு பொருளை இழுக்கும் விசை. அதிலுள்ள சடப்பொருளின் அளவுக்குத் திணிவு என்று பெயர். தமிழ்நாட்டிலோ திணிவைத்தான் நிறை என்கிறார்கள்; நமது நிறைக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் எடை. வேகமும் அப்படித்தான். அவர்கள் வேகம் என்பது நமக்குக் கதி. நாம் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்பார்கள்.

பௌதிகவியலை இயற்பியல் என்றும் இரசாயனவியலை வேதியியல் என்றும் ஒட்சிசனை ஆக்ஸிஜன் என்றும் ஒளித்தொகுப்பை ஒளிச்சேர்க்கை என்றும் ஆர்முடுகலை முடுக்கம் என்றும் சொல்வதில் ஆபத்தில்லை. பிள்ளை ஒரு கணம் திகைத்து, பின் புரிந்துகொள்ளும். இரு கரையிலும் ஒரே சொல் வழங்கி, பொருள் மட்டும் மாறியிருக்கும் இடத்தில்தான் பிள்ளை திகைக்காமலே பிழைவிடும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் என்பதை நினைக்கும்போது, அவரது மண்ணின் பிள்ளைகள் இன்று இப்படித் தடுமாறுவது சற்று வேடிக்கையாகவும் இருக்கிறது. இவ்வாறான சொற்களைத் திரட்டி ஒரு பக்கச் சொல் அட்டை அச்சிட்டு, விஞ்ஞானம், கணிதம் கற்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துள்ளோம். இணைந்த கணிதத்தில் தாயம் என்பதை அவர்கள் அணி என்பது போன்றவற்றை உயர்தர மாணவர்களே சேர்த்துத் தந்தார்கள். என் கணிப்பில் இந்த ஆண்டு நாம் செய்த வேலைகளில் அதிகம் பயன்பட்டது இந்த ஒற்றைத் தாள்தான்.

அடுத்தது இணைப்பு வசதி. மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருக்கும் நமக்கு ஓரளவு சிக்னல் கிடைக்கிறது. குருமண்வெளித் துறையில் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி மண்டூருக்குப் போய், அங்கிருந்து உள்ளே செல்லச் செல்ல, மேற்குக் கரையான படுவான்கரைப் பிள்ளைகளின் நிலை வேறு. ஆகவே காணொளியை விட ஒலிக்கு முன்னுரிமை கொடுக்கவேண்டும் என்று நான் நிருவாகசபையில் வாதிட்டேன். பேச்சை விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் எம்பி3 ஆகச் சேமித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 29 மெகாபைட் போதும். 16 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் ஐந்நூறு மணித்தியாலத்துக்கு மேல் அடக்கலாம். வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், காவலுக்குப் போகும் தகப்பனின் பழைய பட்டன் போனில்கூட மெமரி கார்ட் போட்டுக் கேட்கலாம். கமரா வாங்கவேண்டும் என்று விரும்பிய உறுப்பினர்களுடன் இரண்டு கூட்டங்களில் தர்க்கம் நடந்தது. இறுதியில் சட்டையில் குத்தும் சிறு மைக் ஒன்றும் பென் டிரைவ்களும் வாங்கப்பட்டன. வரைபடம், பரிசோதனை, கேத்திரகணிதம் ஆகியவற்றுக்குக் காணொளியே வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரலாறு, தமிழ் இலக்கியம், ஆங்கில உச்சரிப்பு ஆகியவற்றுக்குக் காது போதும். பாடசாலை ஒலிபரப்பை வானொலியில் கேட்டுப் படித்த மூத்த உறுப்பினர்களுக்கு இதை விளக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

எதைப் பதிவது என்ற கேள்விக்கு இரு வழிகளில் விடை கண்டோம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுத்தாளர் இறந்து எழுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. விபுலாநந்த அடிகள் மறைந்தது 1947 இல் என்பதால் அவரது எழுத்துகளுக்கான உரிமைக்காலம் 2017 இல் முடிந்துவிட்டது. ஆகவே அவரது கட்டுரைகள் சிலவற்றை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நமக்காக வாசித்துத் தந்தார். பின்னணியில் மின்விசிறியின் இரைச்சல் இருந்தது. ஓடசிட்டி மென்பொருளில் யாரும் பேசாத சில விநாடிகளைத் தெரிவுசெய்து, அதுதான் இரைச்சல் என்று காட்டிக்கொடுத்தால், முழுப் பதிவிலிருந்தும் அதைக் குறைத்துவிடுகிறது. இந்த வேலையைப் பிள்ளைகள் எங்களைவிட விரைவாகக் கற்றுக்கொண்டார்கள்.

மற்றது கூத்து. அழகியல் பாடத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகள் வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்துகளின் வேறுபாட்டைக் குறிப்பிலிருந்து மனனம் செய்கிறார்கள்; தாளக்கட்டைக் காதால் கேட்டவர்கள் குறைவு. கூத்துப் பழக்கும் நமது ஊர் அண்ணாவியார் ஒருவர் இசைந்து, ஓர் இரவு வாசிகசாலை மண்டபத்தில் பதிவுக்கு உட்கார்ந்தார். முதற்பதிவு முழுவதும் வீணாயிற்று. மத்தளத்தின் முதல் அடியிலேயே ஒலி உச்சத்தைத் தாண்டி உடைந்தது; சல்லரி என்ற கைத்தாளம் சேர்ந்தபோது வெறும் இரைச்சல்தான் மிஞ்சியது. மைக்கை அவரது மார்பிலிருந்து கழற்றி, மண்டபத்தின் மறுகோடியில் கதிரை ஒன்றின் மேல் மடித்த சாரத்தின் மீது வைத்த பிறகே மத்தளத்தின் இடந்தலையும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்டன. “ததிங்கிணதோம்” என்று அவர் வாயால் சொல்லி, பின் மத்தளத்தில் அடித்து, பின் ஆட்டக்காரரின் சலங்கையோடு சேர்த்து, மூன்று தரம் தந்தார். பிள்ளைகள் அதை முக்கால் வேகத்தில் போட்டுப் பழகுகிறார்கள். இன்றைய செயலிகள் வேகத்தைக் குறைத்தாலும் சுருதியை மாற்றுவதில்லை. அண்ணாவியார் அதைக் கேட்டுவிட்டு, “இது நான் வயசுபோய் அடிச்ச மாதிரி இருக்கு” என்றார்.

இதே பதிவு தொடர்பில் ஒரு மனவருத்தத்தையும் பதிவுசெய்கிறேன். நாம் வெளியிட்டுச் சில வாரங்களில் வேறொரு யூடியூப் அலைவரிசையில் அது அவர்களது இலச்சினையுடனும் விளம்பரங்களுடனும் தோன்றியது. அண்ணாவியாரின் பெயர், ஊர் எதுவும் இல்லை; தொடக்கத்தில் நாம் சொன்ன அறிமுகத்தை வெட்டியிருந்தார்கள். நாம் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. பெயர் குறிப்பிட்டால் எவரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில்தான் நாம் வெளியிட்டிருந்தோம். பெயரைக் குறிப்பிடுவது ஒன்றே நாம் கேட்ட விலை. இப்போது பெயரையும் ஊரையும் பதிவின் நடுவிலும், பாட்டுக்கும் தாளத்துக்கும் இடையே, சொல்லிவைக்கிறோம். நாமும் அதே ஒழுங்கைப் பின்பற்றுகிறோம்: பிறர் காணொளியைப் பென் டிரைவில் சேர்க்குமுன் அவருக்கு எழுதி அனுமதி கேட்கிறோம். பெரும்பாலானோர் பதிலளிப்பதில்லை, அவர்களுடையதைச் சேர்ப்பதில்லை. நம் நாட்டு ஆசிரியர் ஒருவர் மட்டும் மூலக்கோப்புகளையே அனுப்பி வைத்தார்.

நவம்பர் இறுதி வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டு டிசம்பர் 4 இல் மீண்டும் தொடங்கியது தங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளில் பென் டிரைவ் வைத்திருந்தவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்று பின்னர் அறிந்தோம். வாசிகசாலையில் இருந்த இரு பிரதிகள் ஈரத்தில் பழுதாகின. மூலப்பிரதிகளை ஒரே அலுமாரியின் அடித்தட்டில் வைத்தது என்னுடைய கவனயீனம். இப்போது ஒரு பிரதி தலைவர் வீட்டு மேல்மாடியில் இருக்கிறது.

பெற்றோர் தரப்பிலிருந்து வந்த முறைப்பாடு ஒன்றே: பிள்ளை படிப்பதாகச் சொல்லிப் போனோடு இருக்கிறது. அது நியாயமான முறைப்பாடு. அதனால்தான் ஒவ்வொரு ஒலிப்பதிவின் முடிவிலும் மூன்று கேள்விகளைச் சேர்த்து, விடையைக் கொப்பியில் எழுதி ஞாயிறு மாலை வாசிகசாலைக்குக் கொண்டுவரச் சொல்கிறோம். கொப்பி வெறுமையாக இருந்தால் பிள்ளை கேட்கவில்லை என்பது தாய்க்கும் தெரிந்துவிடும்.

வரும் ஆண்டுக்கு நிருவாகசபை மூன்று விடயங்களைப் பிரேரிக்கிறது: சொல் அட்டையை உயிரியலுக்கும் இரசாயனவியலுக்கும் விரிவுபடுத்துதல், மண்டூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் பிரதிசெய்யும் நிலையம் அமைத்தல், தென்மோடி அண்ணாவியார் ஒருவரைப் பதிவுசெய்தல். மூன்றாவதை மழைக்கு முன் செய்யவேண்டும், ஏனெனில் ஈரத்தில் மத்தளத் தோல் தளர்ந்துவிடும் என்று அண்ணாவியார் எச்சரித்திருக்கிறார். கூரை ஒழுக்கையும் அதற்கு முன்னர் அடைக்கவேண்டியிருக்கிறது.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்