மாமல்லபுரத்துக்கு அப்பாலும் சாலை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பயணம் என்றாலே முட்டுக்காட்டில் படகு, மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை முன் ஒரு செல்ஃபி, அப்புறம் நேராகப் புதுச்சேரி. பெரும்பாலோர் போவது இப்படித்தான். வழியில் விட்டுப்போவது எவ்வளவு!

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்பே, புலிக்குகையை ஒட்டிய சாளுவன்குப்பத்தில் பழைய செங்கல் முருகன் கோயில் இருக்கிறது. 2004 சுனாமி மணலை அரித்துக் கல்வெட்டுகளை வெளிக்காட்டிய பிறகுதான் தொல்லியல் துறை அதைத் தோண்டியெடுத்தது. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை. உள்ளே சிற்ப வேலைப்பாடுள்ள கல்லறைகள். கடப்பாக்கத்தில் கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. மிஞ்சிய செங்கல் சுவரோரம் நின்றால் கழிமுகமும் கடலும் ஒருசேரத் தெரியும். என்னைக் கேட்டால் இந்தச் சாலையிலேயே அழகான இடம் இதுதான். அதைத் தாண்டினால் மரக்காணம் உப்பளங்கள், குளிர்காலத்தில் பூநாரைகள் வரும் கழுவேலி ஏரி.

சாலையை நான்கு வழியாக அகலப்படுத்துகிறார்கள். சரி, நல்லதுதான். ஆனால் வேகம் கூடினால் இந்தச் சின்னத் திருப்பங்கள் கண்ணில் படாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோமீட்டர் முன்பே தமிழில் பெரிய பெயர்ப்பலகை வைக்க வேண்டும். ஆலம்பரையில் நிழற்குடை, குடிநீர், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை ஆகியவையும் தேவை. உங்கள் சுற்றுலா இணைப்பிலும் அடுத்த முறை மாமல்லபுரத்தை விட்டுவிட்டு இவற்றை எழுதுங்களேன்.

வாசகர்,
செங்கல்பட்டு