கண்மாய்ல பள்ளம் இருக்கிற இடத்துல ஒரு கம்பாவது நட்டு வைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் சிவகங்கை மாவட்டத்துல ஒரு கிராமம், 30 வருஷத்துக்கு மேல கொத்தனார் வேலை. அஸ்திவாரம், செப்டிக் டேங்க்னு குழிக்குள்ள இறங்கி ஏறியே வயசாயிருச்சு, அதனால ஆழத்தப் பத்தி எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டு இருந்தேன். போன வருஷம் மழை முடிஞ்ச சமயம் எங்க கண்மாய்ல என் தங்கச்சி மகன் முழங்கால் தண்ணியில நடந்துக்கிட்டு இருந்தவன் அடுத்த எட்டு வச்சதும் ஆளக் காணோம். பக்கத்துல மாடு குளுப்பாட்டிட்டு இருந்த அண்ணன் மாட்டுக் கயித்த வீசினாரு, அத எப்படியோ புடிச்சு ஏறிட்டான். மறுநாள் அந்த இடத்துல மூங்கில விட்டுப் பாத்தோம், 12 அடி.

நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப வீட்ல சொல்றது ஒன்னுதான், கரைப்பக்கம் போகாத, மடைகிட்ட போகவே போகாத, தண்ணி வந்து சேருற உள்வாய்ப் பக்கமா குளிச்சிட்டு வா. கண்மாயோட அமைப்பே அப்படித்தான், உள்வாய்ல இருந்து கரை வரைக்கும் தரை கொஞ்சம் கொஞ்சமா சரிஞ்சு போகும், முழங்கால், இடுப்பு, மார்புன்னு தண்ணி ஏறும்போதே நமக்குத் தெரிஞ்சிரும், திரும்பிரலாம். இப்ப லாரி வந்து போக தோதா இருக்குன்னு அந்த உள்வாய்லயேதான் ஜேசிபிய விட்டு வண்டல் மண்ண அள்ளுறாங்க, அதுவும் சரிவா வெட்டுறதில்ல, செவுரு மாதிரி நேரா வெட்டிட்டுப் போயிடுறாங்க. மழை பேஞ்சு கலங்கத் தண்ணி நிறைஞ்சா மேல எல்லாம் ஒரே மட்டமாத்தான் தெரியும். எந்த இடம் பத்திரம்னு பெத்தவங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தாங்களோ அந்த இடத்துலயே இப்ப ஆள் முங்குற பள்ளம். விளிம்புல களிமண்ணு வழுக்கும், உள்ள விழுந்தவன் கைய வச்சு ஏறவும் முடியாது.

தண்ணி தெளிவா இருந்தா மட்டும் பரவாயில்லன்னு நெனைக்காதீங்க. மேல நின்னு பாக்கும்போது நெசமான ஆழத்துல முக்கால் பங்குதான் கண்ணுக்குத் தெரியும், 8 அடி இருந்தா 6 அடி மாதிரி தெரியும், வெளிச்சம் தண்ணிக்குள்ள இருந்து வெளிய வரும்போது வளையுறதாலதான் இப்படி. 4 அடி பையனுக்கு மார்பளவு தானன்னு தோணுற தண்ணி அவனுக்குக் கழுத்தயும் தாண்டிரும்.

வண்டல் எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல ஐயா. 2024ல விவசாயிகளும் மண்பாண்டம் செய்றவங்களும் இலவசமா எடுத்துக்கலாம்னு அரசாங்கம் சொன்னது நல்ல காரியம், கண்மாயும் ஆழமாகும், வயலுக்கும் உரம். ஆனா எடுக்கிறத கண்மாய் முழுக்க ஒரே சீரா எடுக்கணும், ஒரு எடத்துல கிணறு மாதிரி தோண்டிட்டு அடுத்த எடத்த அப்படியே விட்டுட்டுப் போனா அது தூர் வாருறது இல்ல.

குழி வேலையில எங்களுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு, 5 அடிக்கு மேல நேரா வெட்டுனா பக்கத்துக்குப் பலகை அடிச்சு முட்டுக் குடுக்கணும், இல்லன்னா சரிவா வெட்டணும், தோண்டுன மண்ண விளிம்புல குமிக்காம 5 அடியாவது தள்ளிப் போடணும். ஒரு கன மீட்டர் மண்ணு ஒன்னரை டன்னுக்கு மேல இருக்கும், அது சரிஞ்சு நெஞ்சு வரைக்கும் மூடுனாலே மூச்சு விட முடியாது, தலை வெளிய இருந்தும் ஆளு போயிருவாரு. இதெல்லாம் தெரிஞ்ச காண்ட்ராக்டர்களே கண்மாய்க்குள்ள வந்தா கணக்க மறந்துடுறாங்க.

தோண்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போனா என்ன ஆகும்னு ஏற்கனவே பாத்துட்டோம். 2019ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில 2 வயசுப் பிள்ளை ஆழ்துளைக் கிணத்துல விழுந்து, நாடே டிவி முன்னாடி உக்காந்திருந்தும் காப்பாத்த முடியல. கைவிட்ட போர்வெல்ல அடியில இருந்து தரைமட்டம் வரைக்கும் மூடணும்னு சுப்ரீம் கோர்ட் அதுக்கு 9 வருஷம் முன்னாடி 2010லயே சொல்லியிருந்துச்சு.

இன்னொன்னும் சொல்லணும். ஒரு பிள்ளை முங்குனா கூட இருக்கிற பிள்ளையும் கை குடுக்க எறங்குது, ஒரே வீட்ல ரெண்டு மூணு உசுரு போறதுக்கு இதுதான் காரணம். நீச்சல் தெரியாதவங்க எறங்கவே கூடாது, சேலையோ வேட்டியோ கயிறோ வீசணும், மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேன் கெடச்சா அதத் தூக்கிப் போடுங்க, புடிச்சுக்கிட்டு மெதப்பாங்க, அப்படியே 101க்கும் 108க்கும் போன் போடுங்க. வீட்ல தவழுற பிள்ளை இருந்தா வாளித் தண்ணியக்கூட கொட்டிக் கவுத்தி வைங்கம்மா, தலை கனமா இருக்கிறதால கவுந்தா அதுகளால நிமிர முடியாது, ஒரு சாண் தண்ணி போதும்.

கண்மாய்ப் பள்ளத்தச் சரி பண்ணச் சொல்லி மனு குடுத்தேன், இந்த ஆபீஸ் இல்ல அந்த ஆபீஸ்னு மூணு எடம் அலைய விட்டாங்க. கடைசியில நாங்களே ஊர்ல பணம் போட்டு, கோடையில தண்ணி வத்துனப்ப மூங்கில் வாங்கி சிவப்பு பெயிண்ட் அடிச்சு பள்ளத்து விளிம்புல சுத்தி நட்டோம், அடிக்கு ஒரு வெள்ளைக் கோடும் போட்டோம். அஞ்சு பள்ளத்துல ரெண்டுதான் முடிஞ்சிருக்கு. மிச்ச மூணயும் ஜேசிபி வச்சு சரிவாக்கித் தரணும், ஒரு நாள் வேலைதான். ஐப்பசி மழை ஆரம்பிச்சுட்டா அந்தப் பள்ளம் எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியாது.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார், சிவகங்கை மாவட்டம்