‘நியூ மூன்’ படத்தின் பெருமை ஓநாய்களில் இல்லை

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு வாரமலரில் அண்மையில் வெளியான திரைப்படக் கட்டுரையொன்றில், ‘டுவைலைட்’ படத்தைக் காட்டிலும் அதன் இரண்டாம் பாகமாகிய ‘நியூ மூன்’ எல்லா வகையிலும் மேம்பட்டது என்று எழுதப்பட்டிருந்தது. செலவு கூடியது, ஓநாய்கள் உயிரோடு உலாவுவன போல அமைந்தன, கதை இத்தாலிவரை விரிந்தது என்பனவே அதற்குக் காட்டப்பட்ட காரணங்கள். முதற்படத்தை விஞ்சிய ஓரிடம் இரண்டாம் பாகத்தில் உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அவ்விடத்தைப் பற்றி அக்கட்டுரை ஒரு வரிதானும் எழுதவில்லை. உயர்தர வகுப்பு மாணவியர் இப்படங்களைக் கைப்பேசியில் இன்றும் பார்த்துத் தமக்குள் வாதாடுவதை அடிக்கடி கேட்கும் தமிழாசிரியை என்ற முறையில், விடுபட்டதைச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்டெபனி மேயரின் நாவலைத் தழுவி 2008 நவம்பரில் வெளியான முதற்படத்தை இயக்கியவர் கத்தரின் ஹார்ட்விக். அதற்கான செலவு ஏறத்தாழ 37 மில்லியன் டொலர். ஹொலிவூட் கணக்கில் அது சிறிய தொகையே. அந்தச் சிக்கனம் திரையில் தெரியத்தான் செய்கிறது. இரத்தக் காட்டேரியான எட்வர்ட், தன் காதலியான பள்ளி மாணவி பெல்லாவை முதுகில் சுமந்தபடி மரமேறும் காட்சியில் இருவரும் கம்பியில் தொங்குகிறார்கள் என்பது சிறுபிள்ளைக்கும் விளங்கும். வெயில் பட்டதும் அவனுடைய தோல் மினுங்குவதாகக் காட்டுமிடம் எடுபடவில்லை. இரத்தக் காட்டேரிக் குடும்பத்தினரின் முகப்பூச்சையும் எவரும் மெச்சப்போவதில்லை.

இத்தனை குறைகளோடும் அந்தப் படம் தன் பிடியை இறுதிவரை விடவில்லை. பதினேழு வயதுப் பெண்ணொருத்தி எதைப் பார்க்கிறாளோ, எதைக் கண்டு வெட்கப்படுகிறாளோ, எதை அறியத் துடிக்கிறாளோ அதையே பெரும்பாலும் கமராவும் பின்தொடர்கிறது. உயிரியல் வகுப்பறைக்குள் பெல்லா நுழைகையில் மின்விசிறிக் காற்று அவளுடைய கூந்தலைக் கலைக்கிறது. அதே கணம் எட்வர்ட் மூக்கைப் பொத்திக்கொள்கிறான். அவளுடைய வாசனை அவனுக்குள் எழுப்பிய பசியே அதற்குக் காரணம் என்பது பின்னர்தான் தெரியவரும். அந்நேரத்தில் அவளுக்கு அது அவமானம் மட்டுமே. புதிய பள்ளிக்கூடத்தில் முதல்நாள் போய் இருந்த எந்தப் பிள்ளையும் அந்த அவமானத்தை அறிவாள்.

அமானுஷ்யத்தை ஊரின் காலநிலையோடு பிணைத்திருப்பது முதற்படத்தின் மற்றொரு வலிமை. வாஷிங்டன் மாநிலத்து ஃபோர்க்ஸ் வெயில் அரிதான மழையூர் என்பதாலேயே காட்டேரிக் குடும்பம் அங்கே குடியிருக்க முடிகிறது. மட்டையில் பந்து படும் பேரோசையை இடி மறைத்துவிடும் என்பதாலேயே இடிமுழக்க நாட்களில் மட்டும் அவர்கள் பேஸ்போல் ஆடுகிறார்கள். பாசி படர்ந்த மரங்களும் நீலம் பாரித்த வெளிச்சமும் ஓயாத ஈரமும் சேர்ந்து, இப்படியோர் ஊரில் இப்படியொன்று நடக்கக்கூடும் என்று நம்பவைக்கின்றன. எங்கள் ஊர்ப் பேய்க்கதைகளும் அப்படித்தான். இன்ன ஒழுங்கை, இன்ன புளியமரம், உச்சிப்பொழுது என்று இடமும் நேரமும் குறித்துச் சொல்லாத முனிக்கு எந்தப் பிள்ளையும் பயந்ததில்லை.

2009 நவம்பரில் வந்த இரண்டாம் பாகத்தைக் கிறிஸ் வைட்ஸ் இயக்கினார். செலவு 50 மில்லியன் டொலராக உயர்ந்தது. முதற்படம் உலகெங்கும் ஏறத்தாழ 400 மில்லியன் ஈட்டியிருக்க, இது 700 மில்லியனைத் தாண்டியது. நீல வெளிச்சம் போய்ப் பொன்னிறம் வந்தது. நடுங்கிக்கொண்டிருந்த கமரா நிதானம் அடைந்தது. அலெக்சாந்தர் டெஸ்ப்லாவின் வாத்தியக்குழு இசை படத்துக்குக் கம்பீரம் தந்தது. இவையெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் இதமானவை, மறுப்பதற்கில்லை.

நான் குறிப்பிட விரும்பும் காட்சி வேறு. தன்னால் பெல்லாவின் உயிருக்கு ஆபத்து என்று எண்ணிய எட்வர்ட் அவளைக் காட்டுக்குள் அழைத்துப்போய், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு நீங்கிவிடுகிறான். அதன் பின்னர் பெல்லா தன் அறையில் யன்னலைப் பார்த்தபடி ஒரு கதிரையில் இருக்கிறாள். கமரா அவளைச் சுற்றி மெல்ல வலம் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒக்ரோபர், நவம்பர், டிசெம்பர் என்று மாதத்தின் பெயர் திரையில் தோன்றி மறைகிறது. வெளியே மரங்கள் இலையிழக்கின்றன, பனி வருகிறது. அவள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கிறாள். நாவலில் இவ்விடத்தில் மாதப் பெயர்களை மட்டும் தாங்கிய வெற்றுப் பக்கங்கள் வருகின்றன. எழுத்தாளர் எழுதாமல் விட்ட பக்கங்களை இயக்குநர் இவ்வாறு படமாக்கியிருக்கிறார். முதற்படத்தில் எங்கு தேடினாலும் இதற்கு ஈடான ஆழம் கிடையாது.

பிரிந்தவளின் துயரைப் பருவம் மாறுவதைக் கொண்டு உணர்த்துவது சங்கப் பாடல்களைப் படித்தவர்களுக்கு நன்கு பழகிய முறை. கார்காலம் வந்துவிட்டது, அவர் இன்னும் வரவில்லை என்ற ஏக்கத்தில்தான் எத்தனையோ முல்லைப் பாடல்கள் நிலைகொள்கின்றன. அங்கே தலைவிக்குத் தோழி இருப்பாள். ஆற்றுப்படுத்துவாள், வாதாடுவாள், தலைவனைக் கடிந்தும் பேசுவாள். இப்படத்தில் பெல்லாவின் தோழியாகிய அலிஸும் எட்வர்டின் குடும்பத்தோடு போய்விடுகிறாள். பெல்லா அவளுக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டேயிருக்கிறாள். எழுதியவை சென்றடையாமல் திரும்பி வருகின்றன. இந்தச் சிறு விவரத்தை அகத்திணைப் பாடத்தின்போது வகுப்பில் நான் எடுத்துக்காட்டியபோது, தோழி கூற்று எதற்காக இத்தனை பாடல்களில் வருகிறது என்பது இப்போதுதான் விளங்குகிறது என்று ஒரு மாணவி சொன்னாள். கடலுக்கும் கடல்கடந்தும் போனவர்களை எதிர்பார்த்திருக்கும் வீடுகள் மலிந்த மண்ணில் வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கதிரைக் காட்சியை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அவளுடைய தகப்பன் சார்லியையும் இங்கே சொல்ல வேண்டும். இரவில் அவள் வீரிட்டு அலறும்போதெல்லாம் ஓடிவந்து கட்டிலருகே நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் அந்தப் பொலிஸ்காரரை பில்லி பேர்க் மிகைப்படுத்தாமல் நடித்திருக்கிறார். முதற்படத்தில் எட்வர்டை வரவேற்கும்போது துப்பாக்கியைக் கையில் வைத்திருந்து சிரிப்பூட்டிய அதே மனிதர்தாம் இவர்.

இவ்வளவு ஆழத்தைத் தொட்ட பின்னர் படத்துக்கு அச்சம் பிடித்துவிடுகிறது. நாவலில் எட்வர்ட் இல்லாத காலத்தில் பெல்லாவுக்கு அவனுடைய குரல் மட்டுமே கேட்கிறது. படத்திலோ அவள் ஆபத்தை நெருங்கும் ஒவ்வொரு தடவையும் அவனுடைய உருவம் புகைபோல எழுந்து எச்சரித்து மறைகிறது. உருவெளித் தோற்றம் எங்கள் இலக்கியத்துக்குப் புதிதன்று. பொருந்திய இடத்தில் வந்தால் நெஞ்சை உருக்கும். இங்கே அது எட்வர்டாக நடித்த றொபேட் பற்றின்சனின் முகம் நெடுநேரம் திரையில் இல்லாமல் போய்விடக் கூடாதே என்ற கவலையால் வைக்கப்பட்டது போலத் தோன்றுகிறது. பிரிவைக் காட்ட வந்த படம் பிரிந்தவனை அடிக்கடி அழைத்துவந்து காட்டினால், பார்ப்பவர் அந்தப் பிரிவை எப்படி உணர்வது?

கட்டுரையாளர் போற்றிய ஓநாய்களும் தவறான நேரத்திலேயே வருகின்றன. பெல்லாவின் நண்பன் ஜேக்கப்பின் கொட்டிலில் இருவரும் பழுதடைந்த மோட்டார் சைக்கிள்களைத் திருத்தும் காட்சிகளில் பெல்லா முதன்முறையாகச் சிரிக்கிறாள். கைக்கு ஒரு வேலையும் பேச்சுக்கு ஒருவனும் கிடைத்ததால் துயரம் சிறிது சிறிதாக இளகுவதை டெய்லர் லௌட்னரும் கிறிஸ்டன் ஸ்டுவர்ட்டும் இயல்பாகக் காட்டியிருக்கிறார்கள். அது கனிந்துவரும் வேளையில் ஜேக்கப் ஓநாயாக மாறத் தொடங்கி, அவனும் அவளை விட்டு விலகுகிறான். இரண்டாம் முறையும் கைவிடப்பட்ட ஒருத்தியின் மனநிலை என்ன என்று நின்று பார்க்கப் படத்துக்கு நேரமில்லை; துரத்தலும் உறுமலும் வந்துவிடுகின்றன. ஃபோர்க்ஸ் வட்டாரத்தில் உண்மையாகவே வாழும் குவிலியூட் என்ற சிறு பழங்குடியின் பெயரை ஜேக்கப்பின் இனத்துக்கு எடுத்து, அவர்களுடைய தொன்மத்தில் இல்லாத ஓநாய் மனிதர் கதையை அவர்கள்மீது ஏற்றியிருப்பதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இத்தாலிப் பகுதியில் காட்டேரிகளை ஆளும் ஏறோவாக வரும் மைக்கல் ஷீனின் நடிப்பு இரசிக்கத்தக்கது. மற்றபடி, செங்குடை போல விரிந்த சிவப்பு அங்கிகளுக்கு நடுவே பெல்லா ஓடும் காட்சியின் அழகைத் தவிர அங்கே சொல்வதற்கு அதிகமில்லை.

என்னை மிகவும் வருத்துவது முடிவே. அவனுடைய உருவத்தைக் காண்பதற்காகவே பெல்லா குன்றிலிருந்து கடலில் குதிக்கிறாள். அவள் இறந்துவிட்டதாக நம்பி அவனும் சாவதற்காக இத்தாலிக்குப் புறப்படுகிறான். காதலின் ஆழத்துக்கு இதுவே சான்று என்பதுபோலப் படம் கடந்து போகிறது. மாதக்கணக்கில் கதிரையில் கிடந்தவளுக்கு எட்வர்டிடமிருந்து கிடைப்பது ஒரு சில சொற்களில் அடங்கிய விளக்கமும் திருமணக் கோரிக்கையுமே. அவள் தானாக எழுந்து நடந்த தூரத்துக்கு அங்கே மதிப்பில்லை. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் பார்க்கும் படத்தில் இது சிறு குறையன்று. இதனாலேயே, கம்பியும் முகப்பூச்சும் துருத்திக்கொண்டு தெரிந்தாலும், தன் கதாநாயகியின் பார்வையை எளிதில் கைவிடாத முதற்படத்தையே முழுமையான படமாக நான் கொள்கிறேன்.

என் மாணவியருள் பலர் இக்கருத்தை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜேக்கப்பைத் தெரிவு செய்யாததே பெல்லாவின் பெரும் பிழை என்று ஒரு சாராரும், இருவரையும் விட்டுவிட்டுப் படிப்பைப் பார்த்திருக்க வேண்டும் என்று இன்னொரு சாராரும் காரணங்களோடு வாதாடுகிறார்கள். அந்த வாதங்கள், வசூலையும் வரைகலையையும் மட்டும் அளந்த அக்கட்டுரையைவிடத் தரமானவை. வாரமலரின் திரைப்படப் பகுதியில் மாதத்துக்கு ஒருமுறையேனும் அரைப்பக்கத்தைப் பாடசாலை மாணவரின் விமர்சனங்களுக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாவது கட்டுரையை எங்கள் வகுப்பிலிருந்தே அனுப்பிவைக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
தமிழாசிரியை ஒருவர்,
கொக்குவில்.